மூன்று வினாடித் தயக்கம்

ஓடைப்பாளையத்தில் யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை. நாலாயிரம் விசைத்தறிகள் ஒன்றாக அடிக்கிற ஊர். எதிரே நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். சொல்வது மெய்யா பொய்யா என்பதைக் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். துணைக்குரலை உருவாக்கியவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. அந்த ஊர்க்காரியும் களப்பணியாளருமான மேகலாவுக்குத் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை.

துணைக்குரல் என்பது காதில் செருகிக்கொள்ளும் ஒரு குமிழும், துப்பட்டாவில் குத்திக்கொள்ளும் ஒரு வில்லையும்தான். எதிரே நிற்பவரின் முகத்தையும் குரலையும் வில்லை கவனிக்கும். அவருடைய தயக்கத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எந்த வாக்கியத்தைச் சொன்னால் அவர் நீலக்காய்ச்சல் தடுப்பூசிக்குக் கை நீட்டுவார் என்று கணித்து, அந்த வாக்கியத்தைக் களப்பணியாளரின் காதில் சொல்லும். மற்ற ஊர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேர் கை நீட்டினார்கள். ஓடைப்பாளையத்தில் மேகலா பதினெட்டு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு வாசல் ஏறி இறங்கியிருந்தாள். சம்மதித்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் இரண்டு பேர் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் என்பதால், அவர்களைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தன் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

ஊரார் சொன்ன காரணங்களையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும், தறி நின்றுபோகும் என்றார்கள். முதல் அலையில் இது சாதாரண சளிதான் என்று தொலைக்காட்சியில் அடித்துச் சொன்னவர்கள்தானே இப்போது ஊசி நல்லது என்று அடித்துச் சொல்கிறார்கள் என்றார்கள். ஒருவர், பட்டறை முதலாளி கட்டாயப்படுத்துகிறார் என்பதற்காகவே போட மாட்டேன் என்றார். ஆனால் இவையெல்லாம் வாசலில் நின்று சொல்லும் காரணங்கள். உள்ளே இருந்த காரணம் ஒன்றே ஒன்று. அதை அவளிடம் சொல்லக் கூச்சப்பட்டார்கள். அந்தக் காரணம் அவளுடைய அண்ணன்.

பூபதிக்கு இருபத்தொன்பது வயது. ஊரில் முதல் முகாம் போட்டபோது, ஷிப்ட் மாறும் நேரத்தில் முதல் ஆளாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு, அப்படியே தறிக்குப் போய் நின்றவன். மூன்றாம் நாள், அறுந்த பாவு நூலைப் பிணைக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் உடலிலிருந்து மாதிரி எடுத்து, சாவுக்கான காரணம் பரிசோதனைத் தாளில் வரும் என்றார்கள். தாள் வரவில்லை. முகாமுக்கு ஆள் வருவதும் அன்றோடு நின்றது.

பத்தொன்பதாம் நாள் காலை மேகலா பாவாயக்கா வீட்டு வாசலில் நின்றாள். பாவாயக்கா நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் மிஷின் முன் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதில் முப்பத்தைந்து வருஷத்தைத் தறியோடு கழித்தவள். மேகலா காதில் வந்த வாக்கியத்தை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தபோது பாவாயக்கா கையை உயர்த்தினாள்.

"அம்மிணி, உன்ற வாயி ஒண்ணு சொல்லுது, கண்ணு வேற எங்கியோ போகுது. காதுக்குள்ளார ஆரு பேசறது? அந்த ஆளை வரச் சொல்லு, நேரா பேசிக்கலாம்."

தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மேகலாவுக்கு முகம் சூடேறியது. குமிழைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள்.

"இப்பச் சொல்லு," என்றாள் பாவாயக்கா. "உங்கண்ணன் அந்த ஊசியிலதான் செத்தானா?"

பயிற்சியில் இதற்கு ஒரு பதில் கொடுத்திருந்தார்கள்: தொடர்பு இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் பூபதியின் பிணத்தின் மேல் ஏறி நின்று பேசுவதுபோல இருக்கும் என்று தோன்றியது. ஆமாம் என்று சொன்னால் அதுவும் பொய்யாக இருக்கலாம். அவள் வாயைத் திறந்து, மூடி, மீண்டும் திறந்தாள். அதற்குள் மிஷினில் ஒரு தார் நிறைந்துவிட்டது.

"தெரியலீங்கக்கா. தாள் இன்னும் வரலை."

"நீ போட்டுக்கிட்டியா?"

"அண்ணன் போன பதினோராம் நாள் போட்டுக்கிட்டனுங்க. மொத அலையில எங்கப்பா ஒன்பது நாள் மூச்சுக்குத் தவிச்சதையும் நான்தான் பக்கத்துல இருந்து பார்த்தேன். நகமெல்லாம் நீலமாயிருச்சு. ரெண்டையும் வெச்சுப் பார்த்து, எது சரின்னு தெரியாமத்தான் போட்டுக்கிட்டேன்."

பாவாயக்கா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மிஷினை நிறுத்தினாள்.

"தெரியலைன்னு சொன்ன மொத ஆளு நீதான்," என்று சொல்லிவிட்டு எழுந்து, செருப்பைத் தேடினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவிலிருந்து இன்னும் ஏழு பேர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.

*

மறுநாள் ரஞ்சனி மேடம் கூப்பிட்டனுப்பினார். கள ஊக்குநர் பிரிவின் மாவட்ட அதிகாரி அவர். நாற்பது வயதுக்குள் நரை விழுந்துவிட்ட, யாரிடமும் குரல் உயர்த்தாத பெண்மணி. சுகாதார நிலையத்தின் பின்னறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். திரையில் மேகலாவின் முகம் இருந்தது. குமிழைக் கழற்றினாலும் வில்லை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வில்லைக்கு அவள் பக்கமும் ஒரு கண் உண்டு என்பது அப்போதுதான் மேகலாவுக்குத் தெரிந்தது.

திட்டப்போகிறார் என்று நினைத்து, குமிழைக் கழற்றியதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"கழற்றினது நல்லதுதான்," என்றார் ரஞ்சனி. "இங்க பாருங்க. அந்தம்மா கேள்வி கேட்டதுக்கும் நீங்க பதில் சொன்னதுக்கும் நடுவுல மூணு வினாடி. அந்த மூணு வினாடியில அவங்க தயக்கம் எண்பத்தேழுல இருந்து முப்பத்தொண்ணுக்கு இறங்கியிருக்கு. நீங்க சொன்ன பதிலால இல்லை. பதில் வர்றதுக்கு முன்னாலயே இறங்கிடுச்சு."

மேகலாவுக்குப் புரியவில்லை.

"பயந்திருக்கறவங்ககிட்ட தைரியமாப் பேசினா பயம் கூடத்தான் செய்யும், மேகலா. நமக்கு முன்னால ஒருத்தர் நம்ம பயத்தையே பட்டுட்டு, அதைத் தாண்டிப் போயிருக்காருன்னு தெரிஞ்சாத்தான் நாமளும் ஒரு அடி வைப்போம். நாங்க ரெண்டு வருஷமா நல்ல வாக்கியத்தைத் தேடிட்டு இருந்தோம். வேண்டியது வாக்கியமே இல்லை போலிருக்கு."

இனிமேல் குமிழ் வேண்டாம், வில்லை மட்டும் போதும், தோன்றுவதைப் பேசுங்கள் என்றார். மேகலா எழுந்து, கதவுவரை போய், திரும்பி வந்தாள். தாள் எப்போது வரும் என்று கேட்டாள்.

"வந்ததும் முதல்ல உங்க கையிலதான்," என்றார் ரஞ்சனி.

கேட்ட அடுத்த கணமே பதில் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் அது மேகலாவை உறுத்தியது. "உடனே சொன்னார்" என்று நோட்டில் எழுதினாள். பாவம், உதவி செய்கிறவரைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று நினைத்து அதை அடித்துவிட்டாள். அடித்த பிறகும் எழுத்து தெரிந்தது.

*

அதன்பின் ஒரு நாளைக்கு முப்பது பேர், சில நாள் ஐம்பது பேர். எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியில் பூபதியைப் பற்றித்தான் கேட்டார்கள். கேட்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ அடைத்தது, நின்றாள், தெரியலீங்க என்றாள். கை நீண்டது. தறிப்பட்டறையில் தின்பண்டம் விற்கும் ஆள் ஒருவன், செத்தும் ஊருக்கு வேலை பார்க்கிறான் பூபதி என்றான். மேகலா அன்று மட்டும் மூன்று வீடுகளைத் தவறவிட்டு, மறுநாள் திரும்பப் போனாள்.

அதுவரை போன வீடுகளில் கை நீட்டாத ஒரே வீடு அவளுடைய வீடு.

அம்மா ருக்மணி பூபதி போனதிலிருந்து தறிக்குப் போகவில்லை. அவனுடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் கொடியிலேயே வைத்திருந்தாள். மேகலா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே பதில்தான் சொன்னாள்: "எம்பையன் எப்படிப் போனான்னு தாள் வரட்டும். ஊசியில இல்லைன்னா நாளைக்கே வந்து போட்டுக்கறேன். ஊசியிலதான்னா, நீ போட்டதுக்கே நான் வெசனப்பட்டுட்டுக் கெடக்கோணும்."

பிறகு தினமும் சாயங்காலம், மேகலா படி ஏறும்போது, "வந்துச்சா?" என்பாள். மேகலா இல்லை என்று தலையாட்டுவாள். முகம் கழுவிக்கொண்டு மாலைநேர வகுப்புக்குக் கிளம்புவாள். ஆய்வகத் தொழில்நுட்பத்தில் ஒரு வருஷப் படிப்பு. மற்றவர்கள் பாடத்தை எழுதிக்கொள்வார்கள்; மேகலா எழுதியது சரிதானா என்று பார்த்து இன்னொரு முறை எழுதுவாள்.

அந்த வகுப்பில்தான் அது தெரிந்தது. திசு மாதிரிகளைப் பாதுகாப்பது பற்றிப் பாடம். தொற்றுக்காலச் சட்டப்படி, பரிசோதிக்காத மாதிரியைத் தொண்ணூறு நாள் வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு அழித்துவிடுவார்கள் என்று ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். மேகலா விரல்விட்டு எண்ணினாள். நம்பிக்கை வராமல் நோட்டின் பின்பக்கத்தில் தேதி தேதியாக எழுதி எண்ணினாள். அன்று எண்பத்தெட்டாம் நாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே சுகாதார நிலைய வாசலில் நின்றாள். ரஞ்சனி காரிலிருந்து இறங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். ரஞ்சனி அவள் தோளில் கை வைத்தார். மாதிரி ஏற்கனவே ஆய்வகத்தில்தான் இருக்கிறது, ஒரு வாரத்தில் தாள் கையில் இருக்கும், தொண்ணூறு நாள் கணக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். மேகலாவுக்கு அழுகை வந்தது. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

சொன்னபடியே ஏழாம் நாள் ஒரு பழுப்புக் கவர் வந்தது. அரக்கு முத்திரை. மேலே பூபதியின் பெயர். ரஞ்சனி அதை மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"இதை உங்ககிட்ட குடுத்துடறேன். பிரிக்கறது உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வேற மாவட்டத்துல உங்களை மாதிரியே ரெண்டு பேர் இருந்தாங்க. ஊசிக்கு அப்புறம் வீட்டுல ஒரு சாவு, காரணம் தெரியாது. ரெண்டு பேரும் பிரமாதமா வேலை பார்த்தாங்க. அப்புறம் தாள் வந்துச்சு. ஒருத்தருக்கு ஊசியால இல்லைன்னு, இன்னொருத்தருக்கு ஊசியாலதான்னு. மறுநாள்ல இருந்து ரெண்டு பேர் பேச்சும் எடுபடலை. பதில் எதுவா இருந்தாலும் சரி, தெரிஞ்ச மனுஷன் முகம் வேற மாதிரி ஆயிடுது."

"அவங்க ஊர்ல என்ன ஆச்சுங்க, மேடம்?"

"பாதியில நின்னுடுச்சு. அப்புறம் அலை வந்துச்சு." கவரை அவள் பக்கம் நகர்த்தினார். "இங்க இன்னும் ஆயிரத்து நானூறு பேர் பாக்கி. மேல்கரை ஊர்கள்ல காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு நீலத்தாள் ஒட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

மேகலா கவரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஒரே ஒரு தாள்தான் இருக்கும்போல. அந்த எடை ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எடைதான்; கல்யாணப் பத்திரிகையும் அவ்வளவுதான் இருக்கும். பைக்குள் வைத்தாள். அன்று சாயங்காலம் அம்மா வந்துச்சா என்று கேட்டபோது, வழக்கம்போலத் தலையாட்டினாள்.

*

மாரப்பன் பட்டறைதான் கடைசிக் கோட்டை. அறுபது தறி, நூற்றிருபது பேர். பூபதி விழுந்ததும் அங்கேதான். மாரப்பன் மற்ற முதலாளிகள் மாதிரி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நானே போட மாட்டேன், நீங்கள் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்கிற ஆள்.

மேகலா உள்ளே போனபோது அவர் தறி ஒன்றை நிறுத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் மற்ற தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. தொழிலாளிகள் எல்லோரும் அவரவர் இடத்திலிருந்தே அவள் உதட்டைப் பார்த்தார்கள். அந்தப் பட்டறையில் ரகசியம் பேச முடியாது.

"தாள் வந்துருச்சாமே," என்றார் மாரப்பன்.

சுகாதார நிலையத்தில் பெருக்குகிறவள் மூலமாகச் செய்தி ஊருக்குள் வந்திருக்க வேண்டும்.

"வந்துச்சுங்கண்ணா. பிரிக்கலை."

"ஏன்?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் உண்மையான பதில் இருந்தது: பிரித்தால் நீங்கள் யாரும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டீர்கள். அதைச் சொல்ல முடியாது. அப்போதுதான் அவள் தன்னைத்தானே கவனித்தாள். நெஞ்சில் எதுவும் அடைக்கவில்லை. உள்ளே யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

"பயமா இருக்குதுங்கண்ணா."

பூபதி விழுந்த இடத்தை மாரப்பன் ஒரு தரம் பார்த்தார். "எனக்கும் அதேதான் அம்மிணி," என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டினார். மறுநாள் பட்டறை முழுக்க இரண்டு வரிசையாக நின்றது.

பதினாறு நாள் கழித்து அலை வந்தது. வீட்டுச் சுவர்களில் நீலத்தாள் ஒட்டினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, போனது. முதல் அலையில் ஓடைப்பாளையத்தில் அறுபத்தொரு பேர் செத்திருந்தார்கள். இந்த முறை நாலு பேர். நாலு பேருமே ஊசி போடாதவர்கள். மேகலா இதை மூன்று முறை சரிபார்த்து எழுதினாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. பதிலாக, முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது.

*

மாதாந்திர மின்தடை நாள். ஊரில் ஒரு தறிகூட ஓடவில்லை. அந்த மாதிரி நாட்களில் ஓடைப்பாளையத்துக்காரர்கள் அமைதி தாங்காமல் வாசலுக்கு வந்து நிற்பார்கள். காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுச் சுவரில் நீலத்தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். பசை நாற்றம் இவர்கள் வீட்டுக்குள் வந்தது.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேகலா பையை எடுத்துக் கிளம்பும்போது, "தாள் உன்ற பையிலதான் இருக்குதாமே," என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஊரு பூரா சொல்லுது. எனக்கு மட்டும் நீ சொல்லலை."

மேகலா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். நாற்பது நாளாகப் பையில் கிடந்து கவரின் முனைகள் மடங்கியிருந்தன. ஊரில் அம்மாவைத் தவிர பாக்கி இருந்தவர்கள் அவ்வளவு பேரும் ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். இனி அதை மூடி வைக்க ஒரு காரணமும் இல்லை.

"பிரி," என்றாள் அம்மா.

பிரித்தாள்.

ஒரே தாள். இங்கிலீஷில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அவள் தாளைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் தறியில் நின்றவள்.

தாளில் நாலே வரிதான். மாதிரி பெறப்பட்டது. கள ஊக்குநர் பிரிவின் கோரிக்கைப்படி பரிசோதனை நிறுத்திவைக்கப்பட்டது. பரிசோதிக்கப்படவில்லை. தொண்ணூறு நாள் முடிந்ததால் அழிக்கப்பட்டது. நிறுத்திவைத்த தேதி பக்கத்தில் இருந்தது. மேகலாவுக்கு அந்தத் தேதியை நோட்டில் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பாவாயக்கா கை நீட்டியதற்கு மறுநாள். ரஞ்சனி அவளுக்கு அந்த மூன்று வினாடியைக் காட்டிய நாள். எண்பத்தொன்பதாம் நாள் காலையில் அவள் போய் நின்றபோது மாதிரி இருந்திருக்கிறது. ஒரு நாளுக்கு மேல் இருந்திருக்கிறது.

இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மாவுக்கும், ஊருக்கும், அவளுக்கும்.

"என்ன போட்டிருக்குது?"

தெரு அத்தனை அமைதியாக இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ இருமும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. மேகலா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"ஊசியால இல்லம்மா. அண்ணனுக்கு இருதயத்துல முன்னாடியே கோளாறு இருந்திருக்குது. நமக்குத்தான் தெரியலை."

அம்மாவின் முகம் மெல்லத் தளர்ந்தது. கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மடித்தாள். பிறகு இருவரும் வெறிச்சோடிய தெருவில் நடந்து சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அம்மா பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நீ சின்னதுலருந்தே பொய் சொன்னா சட்டுனு சொல்லுவே கண்ணு. இன்னைக்கு நின்னு ரோசனை பண்ணிச் சொன்னே. அதுலதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு."

மேகலா தலையைக் குனிந்தாள். துப்பட்டாவில் வில்லை இருந்தது. காலையில் குத்தியதை அவிழ்க்க மறந்திருந்தாள்.

*

வில்லையில் பதிவானதை ரஞ்சனி பார்த்துவிட்டிருந்தார். மேகலா தாளை அவர் மேசையில் வைத்தபோது, அவர் அதை எடுத்துப் படிக்கவில்லை.

"ஒரு நாள் இருந்துச்சு, மேடம்," என்றாள் மேகலா. "நான் வந்து நின்னப்ப இன்னும் ஒரு நாள் முழுசா இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அது எங்கண்ணன்."

"நாலு பேர் செத்தாங்க, மேகலா. போன தடவை அறுபத்தொண்ணு. மிச்சம் ஐம்பத்தேழு பேர் யாருன்னு நமக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. நன்றி சொல்ல வரமாட்டாங்க. உங்கம்மா அதுல ஒருத்தரா இருக்கலாம்."

"தப்புன்னு உங்களுக்குத் தோணலையா?"

ரஞ்சனி வாயைத் திறந்து, மூடினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். "தினமும் தோணுது," என்றார் பிறகு.

மேகலா அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்துமூன்று வருஷம் உதட்டையும் கண்ணையும் படித்து வளர்ந்தவள். அந்த இடைவெளி உண்மையா, எண்ணிய இடைவெளியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தன் முகத்தையே இழந்ததுபோல ஒரு பயம் வந்தது.

அடுத்த வாரம் மண்டலப் பயிற்சிக்கு வரச் சொன்னார் ரஞ்சனி. வரமாட்டேன் என்று சொல்லத்தான் அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். அலை தெற்கே கடற்கரை ஊர்களுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, அங்கே நூற்றுக்குப் பத்துப் பேர்கூடப் போடவில்லை என்று செய்தியில் வந்தது. போனாள்.

மண்டபத்தில் முப்பது பெண்கள். பெரும்பாலும் அவள் வயது. எல்லோர் வீட்டிலும் ஊசிக்குப் பிறகு ஒரு சாவு. மேடையில் பெரிய திரை. அதில் அவள் முகம், வாய் பாதி திறந்து நின்றிருந்தது. மேசைமேல் முப்பது பழுப்புக் கவர்கள், அரக்கு முத்திரையோடு.

"கவர் ஆரம்பத்துல தயக்கம் வர்றதுக்குத்தான்," என்று ரஞ்சனி அவள் காதருகே சொன்னார். "பிரிச்ச பிறகும் அந்த மூணு வினாடி கைவிடாதுன்னு நீங்கதான் காட்டினீங்க. அதுவரைக்கும் பழகிட்டாப் போதும்."

பெயர் வாசித்துக் கவர்களைக் கொடுத்தார்கள். முன்வரிசையில் செலின் என்று ஒரு பெண், கடற்கரைக்காரி. இறந்தது தங்கை. கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அக்கா, உங்க கவர்ல என்ன இருந்துச்சு?"

முப்பது முகங்கள் மேகலா பக்கம் திரும்பின. செலின் கவரின் மேல்மூலையில் மாதிரி எடுத்த தேதி சின்னதாக அச்சாகியிருந்தது. மேகலா பழக்கத்தில் எண்ணினாள். நாற்பத்தொன்று. மாதிரியை அழிக்க இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருக்கிறது. இப்போதே சொன்னால், இந்தப் பெண் இன்றைக்கே போய்ச் சண்டை போட்டால், அவள் தங்கை எப்படிச் செத்தாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் ஊரில் இருபத்திரண்டாயிரம் பேர்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"நான் இன்னும் பிரிக்கலைம்மா," என்றாள் மேகலா.

செலின் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு உட்கார்ந்து, கவரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். மேடைத் திரையின் ஓரத்தில், பதிவாகிறது என்று காட்டும் பச்சைப் புள்ளி ஒருமுறை மின்னியது.